முதுமையடைதலும் ஒட்சியேற்ற எதிரிகளும்



வெட்டி வைத்த கத்தரிக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். வளியிலுள்ள ஒட்சிசனே இதற்குக் காரணம். தேசிக்காய்ப் புளி தடவினால் கறுப்பது தாமதமாகும். எமது உடலிலும் இதையொத்த ஒன்று நாள்தோறும் நடைபெறுகிறது.

கலங்கள் உணவிலிருந்து சக்தியைப் பெறும்போது சோடி சேராத இலத்திரனைக் கொண்ட துணிக்கைகள் உண்டாகின்றன. இவை சுயாதீன மூலிகங்கள் எனப்படும். அயலிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து இலத்திரனைப் பறித்து, கலமென்சவ்வையும் புரதங்களையும் டீ.என்.ஏ.யையும் இவை சேதப்படுத்துகின்றன. சிகரட் புகையும் கடும் வெயிலும் இவற்றைப் பெருக்கும். தொப்பியின்றிக் கடலிலும் வயலிலும் உழைப்போரின் தோல் விரைவில் சுருங்குவது இதனாலேயே.

இச்சேதமே முதுமைக்குக் காரணம் என்னும் கருத்தை 1956இல் அமெரிக்கரான டென்ஹம் ஹார்மன் வெளியிட்டார். இன்று அது பல காரணங்களுள் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. எனவே ஒட்சியேற்ற எதிரிகள் "முதுமையைத் தடுக்கும்" என்று விடை எழுதாதீர்கள். அவை தமது இலத்திரனைக் கொடுத்து மூலிகங்களை அடக்கி, "சேதத்தைக் குறைக்கும்" என்று எழுதுங்கள்.

இவை எங்கே கிடைக்கும்? கல்முனைச் சந்தைக்குப் போனால் போதும். கொய்யா, நெல்லி, தேசிக்காய் ஆகியவற்றில் விற்றமின் சி உண்டு. பப்பாசியிலும் முருங்கையிலையிலும் கரற்றீன் உண்டு. விற்றமின் சி வெப்பத்தால் அழியும். ஆகவேதான் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் புளி விட வேண்டும். கரற்றீன் உறிஞ்சப்படக் கொழுப்பு தேவை. முருங்கையிலைச் சுண்டலில் தேங்காய்ப்பூ அதைத் தருகிறது. எங்கள் உம்மாமார் பாடம் படிக்காமலே இதைச் செய்து வருகிறார்கள்!

"மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன, சேர்?" என்று வகுப்பில் கேட்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் பீற்றா கரற்றீன் மாத்திரை கொடுக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளியானபோது, அம்மாத்திரை உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. உணவில் நன்மை தரும் பொருள் மாத்திரையாகும்போதும் அவ்வாறே இருக்கும் என்று சொல்ல முடியாது. புகைத்தலை விடுவதற்கு ஈடாக எந்த மாத்திரையும் இல்லை. வீட்டில் புகைப்பவர் இருந்தால் இப்பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

உடலும் சொந்தமாக ஒட்சியேற்ற எதிர் நொதியங்களை ஆக்குகிறது. ஒழுங்கான உடற்பயிற்சி அவற்றைக் கூட்டும்.

பயிற்சி வினா: தினமும் புகைக்கும் ஒருவர், "நான் விற்றமின் மாத்திரை எடுப்பதால் பயமில்லை" என்கிறார். இக்கூற்று தவறானது என்பதற்கு இரு காரணங்கள் தருக. (4 புள்ளிகள்)