விஷ வார்டு சாம்பிளைக் கையில் வாங்குபவர்களுக்கு

நச்சியலிலும் மருத்துவ உயிர்வேதியியலிலும் ஆய்வுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, லேபிலேயே தலை நரைத்தவன் எழுதுவது. புத்தகத்தில் உள்ளதைப் புத்தகமே சொல்லிவிடும். பெஞ்சில் நின்றால்தான் தெரிகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. சாம்பிள் வந்ததும் மெஷினில் ஏற்றிவிடாதீர்கள். விஷத்தை எப்போது சாப்பிட்டார், எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று மணியைக் கேளுங்கள். பாராசிட்டமால் அளவைப் படிக்க ருமாக்கும் மாத்யூவும் 1975-இல் வெளியிட்ட வரைபடம் நான்காம் மணியில்தான் தொடங்குகிறது. மணி தெரியாத அளவை அதில் எங்கே குறிப்பீர்கள்? மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலி பேஸ்ட் இன்னும் மோசம். முதல் நாள் ஆள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், கல்லீரல் எண்களும் சாதுவாக இருக்கும். எஸ்.ஜி.பி.டி.யும் ஐ.என்.ஆரும் ஏறுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். "ரிப்போர்ட் நார்மல்தானே, வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம்" என்று உறவினர்கள் கிளம்புவார்கள். ரிப்போர்ட்டில் மணியை எழுதுங்கள், மறுபடி பார்க்கவேண்டும் என்றும் எழுதுங்கள்.

2. பூச்சிமருந்து கேஸ்களில் நாம் வழக்கமாகப் பார்ப்பது சீரத்தில் உள்ள பியூட்டிரில்கோலினெஸ்டெரேஸ். எளிது, மலிவு. ஆனால் ஆர்கனோபாஸ்பேட் நரம்பு முனையில் முடக்குவது அசிட்டைல்கோலினெஸ்டெரேஸை. அதற்கு நெருங்கிய சாட்சி சிவப்பணுவில் உள்ள நொதிதான். சீரம் நொதி கல்லீரலில் உருவாவது. ஈரல் கெட்டவருக்கும், ஊட்டமில்லாதவருக்கும், கர்ப்பிணிக்கும் விஷமில்லாமலே குறையும். பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களும் உண்டு. ஆகவே ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் நாளுக்கு நாள் போக்கைப் பாருங்கள்.

சிவப்பணு நொதியை அளக்கிறீர்களா? டியூபுக்குள் போனபிறகும் விஷம் நொதியை விடுவதில்லை. பிராலிடாக்ஸைம் போட்டிருந்தால் அதுவும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். படுக்கை அருகிலேயே நீர்க்கச் செய்து ஐஸில் வையுங்கள். ரேக்கில் விட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வந்து அளப்பது டியூபுக்குள் நடந்த கூத்தைத்தான்.

3. பொட்டாசியம் 14, கால்சியம் 2 என்று வந்தால் டாக்டரைக் கூப்பிடும் முன் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தத்தைச் சிவப்பு மூடி டியூபில் கொட்டியிருப்பார்கள், இ.டி.டி.ஏ.வின் கைவரிசை. பக்குவமாகக் கேளுங்கள். அதட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

விஷ வார்டில் பொட்டாசியம் எண் சாதாரணமானதில்லை. அரளி விதையில் பொட்டாசியம் ஏறும். ஒடுவந்தழையில் சிறுநீரகம் அதை வெளியே விட்டுவிட்டு அமிலத்தைத் தேக்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவரின் சாம்பிளில் சிவப்பணு உடைந்திருந்தால், உள்ளேயிருந்து கசியும் பொட்டாசியம் நிஜமான தாழ்வை மூடி மறைத்து 'நார்மல்' காட்டும். ஏறிய எண்ணை எல்லோரும் சந்தேகிப்பார்கள். நீங்கள் இந்த நார்மலையும் சந்தேகியுங்கள்.

4. மஞ்சள் அரளியின் நச்சு டிகாக்ஸின் கிட்டில் ஓரளவு பதில் கொடுக்கும். உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி, எவ்வளவு என்பதற்கு அல்ல.

5. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் கேஸில் முதலில் விரிவது ஆஸ்மோலால் கேப். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாற மாற அது சுருங்கும், ஆனயன் கேப் விரியும். தாமதமாக வந்தவரிடம் முதலாவது இல்லையே என்று மெத்தனாலை ஒதுக்காதீர்கள். ஆஸ்மோமீட்டர் உறைநிலையை அளக்கும் ரகமா என்றும் பாருங்கள். ஆவியழுத்த ரகத்துக்கு மெத்தனால் சரியாகப் பிடிபடாது.

6. பாராகுவாட்டுக்குச் சிறுநீரில் பைகார்பனேட்டும் டைதயோனைட்டும் போதும், நீலமாகும். பழைய டைதயோனைட் சும்மா கிடக்கும், அதனால் பாராகுவாட் கலந்த கன்ட்ரோல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

7. விஷ கேஸ்கள் பெரும்பாலும் போலீஸ் கேஸ். தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகவேண்டிய வயிறு கழுவிய நீரில் ஆய்வுக்கென்று கை வைக்காதீர்கள். உங்கள் சாம்பிளுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வீட்டாரின் கையெழுத்தும் தனியாக வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் அம்மாவிடம் படிவத்தை நீட்டுமுன் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். டேட்டாவில் ஒரு வரி குறைந்தால் குடி முழுகிப் போகாது.