அசல் பிளக்கும் மாற்றுப் பிளக்கும்



மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்லும் ஆர்வம் நம்மிடையே மிகுந்து வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடிக்கு ஏறுவோர் உண்டு. விடுமுறை நாளில் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி சென்று திரும்புவோரும் உண்டு. இயந்திரப் பொறியியல் பயில்கிறேன் என்பதால் இவர்களுள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. “அண்ணா, வண்டிக் கம்பெனியின் அசல் பிளக்கைத்தான் போட வேண்டுமா? கடையில் கிடைக்கும் வேறு பிளக்கைப் போட்டால் கெட்டுவிடுமா?”

இதற்கு விடை காணுமுன் ‘அசல்’ என்பது யாது என்று தெளிதல் வேண்டும். பொதுவாக மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் ஸ்பார்க் பிளக்கைத் தாமே செய்வதில்லை. பிளக் செய்வது தனித் தொழில். 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையைச் சேர்ந்த பொறியாளர் காட்லோப் ஹோனோல்டு, உயர் மின்னழுத்த மாக்னெட்டோவுடன் இயங்கும் பிளக்கை உருவாக்கியபோது இத்தொழிலுக்கு உறுதியான அடித்தளம் அமைந்தது. நம் நாட்டில், 1951-இல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி நிறுவப்பெற்றது. அதுவே ‘மைகோ’. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்றித் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்யலாயிற்று. பழைய புல்லட் வைத்திருந்தோர் கடையில் ‘மைகோ பிளக்’ என்றே கேட்டு வாங்கினர். அக்கம்பெனி 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது.

ஆகவே, ஒரே ஆலையில் பிறந்த பிளக் வண்டிக் கம்பெனியின் பெட்டியிலும் வரலாம். பிளக் கம்பெனியின் சொந்தப் பெட்டியிலும் வரலாம். அசல் தன்மை பெட்டியில் இல்லை. பிளக்கின்மேல் பொறித்த எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கக் கற்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கவனிக்க வேண்டியவை மரையின் குறுக்களவும் நீளமும் ஆகும். 14, 12, 10 மில்லிமீட்டர்க் குறுக்களவுள்ள பிளக்குகள் உண்டு. 14 மில்லிமீட்டர்ப் பிளக்கிலேயே மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டராகவும் இருக்கலாம்; 19 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். குறுக்களவு பிழையானால் பிளக் உள்ளே செல்லாது, நாமும் தப்பினோம். நீளம் பிழையானாலோ சென்றுவிடும்! குட்டையான துளையில் நீண்ட பிளக்கைத் திருகினால் அதன் முனை பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கக்கூடும். நீண்ட துளையில் குட்டைப் பிளக்கைத் திருகினால் பொறி உள்ளே ஒளிந்துகொள்ளும். மிஞ்சிய மரையில் கரி படியும்.

அடுத்தது உஷ்ண வரிசை. பலரும் இடறும் இடம் இதுவே. வண்டி ஓடும்போது பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருந்தால்தான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஏறத்தாழ 850 டிகிரியைத் தாண்டினால், பொறி பிறக்குமுன்னரே அம்முனை பெட்ரோல் கலவையைக் கொளுத்திவிடும். இவ்விரண்டிற்கும் இடையே அது நிற்க வேண்டும். நடுமுனையைச் சூழ்ந்த பீங்கானின் மூக்கு நீண்டிருந்தால் உஷ்ணம் வெளியேறும் வழி நீளும். முனை சூடாகவே இருக்கும். இது ‘சூடான பிளக்’. மூக்கு குட்டையானால் உஷ்ணம் விரைந்து வெளியேறும். இது ‘குளிர்ந்த பிளக்’. இப்பெயர்களுக்கும் பொறியின் வலிமைக்கும் தொடர்பே இல்லை.

தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக்கைப் போட்டால் நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கரி பிடித்து வண்டி இருமும். அது தொல்லை மட்டுமே. தேவைக்கு மேல் சூடான பிளக்கைப் போட்டால் வருவது ஆபத்து. பாரத்துடன் மலையேறும்போது முன்கூட்டியே தீப்பற்றிப் பிஸ்டனின் தலை உருகித் துளைபடலாம். பிஸ்டன் சிக்கிக்கொண்டால் ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றுவிடும். கிளட்சைப் பிடிக்க நேரமில்லாதவன் நிலை என்னாகும்?

சரி, எண்ணைப் பார்த்து வாங்கலாமே எனில், எல்லாக் கம்பெனிகளின் எண்ணும் ஒரே திசையில் செல்வதில்லை. ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. பாஷின் இன்றைய வரிசையிலோ எண் ஏற ஏறச் சூடானது. பாஷின் 7 ஏறக்குறைய என்.ஜி.கே.யின் 6-க்கு நிகர். பாஷின் 8 என்.ஜி.கே.யின் 5-க்கு நிகர். பாஷின் பழைய வரிசை இதற்கும் மாறானது. அக்காலத்து 175 இன்று 7. அக்காலத்து 225 இன்று 5. தந்தையாரின் பழைய புல்லட்டை ஓட்டும் தோழர்கள் பழைய கையேட்டிலுள்ள எண்ணை இக்கால எண்ணுடன் குழப்பிக்கொள்ளலாகாது. கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணுக்கு எண் பார்க்காமல், ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. என்.ஜி.கே.யின் பி.பி.ஆர்.6.இ.எஸ். என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் ‘பி’ 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த ‘பி’ வெளியே நீண்ட பீங்கான் மூக்கு. ‘ஆர்’ உள்ளே மின்தடை உள்ளது. 6 உஷ்ண வரிசை. ‘இ’ 19 மில்லிமீட்டர் நீளம். ‘இ’ இருக்குமிடத்தில் ‘எச்’ இருந்தால் நீளம் 12.7. மின்னணுக் கருவிகள் நிறைந்த இக்கால வண்டியில் ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போட்டால் அக்கருவிகள் தடுமாறக்கூடும்.

இரிடியம் பிளக் வேகத்தைக் கூட்டுமா என்பாரும் உளர். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும். ஆகவே முனையை மெல்லியதாகச் செய்யலாம், குறைந்த மின்னழுத்தத்தில் பொறி பாயும், நெடுநாள் உழைக்கும். நல்ல நிலையிலுள்ள இயந்திரத்திற்கு அது புதிய குதிரைத்திறன் எதையும் தருவதில்லை. அளவும் உஷ்ண வரிசையும் பொருந்தினால், நீண்ட ஆயுளுக்காக வாங்கலாம். வேகத்துக்காக வாங்குவது வீண்.

மாற்றுப் பிளக்கிற்கு அஞ்ச வேண்டியதில்லை. போலிப் பிளக்கிற்கே அஞ்ச வேண்டும். மரை சொரசொரப்பாகவும், நடுமுனை கோணலாகவும், எழுத்து மங்கலாகவும், விலை நம்பமுடியாத மலிவாகவும் இருந்தால் அதனைத் தொடாதீர்கள்.

பூட்டும் முறையும் முக்கியம். இயந்திரம் ஆறிய பின்பு பிளக்கைக் கையாலேயே முழுவதும் திருகுங்கள். வாஷருடன் கூடிய புதிய 14 மில்லிமீட்டர்ப் பிளக்காயின், அதன்பின் சாவியால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரு பங்குச் சுற்று வரை போதும். அலுமினியத் தலையின் மரை கெட்டால் பிளக்கின் விலையைப் போலப் பன்மடங்கு செலவாகும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாயின் நலம். உலர்ந்த கரியாயின், பெட்ரோல் மிகுதி அல்லது பிளக் மிகக் குளிர்ந்தது. எண்ணெய்ப் பசையாயின், வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் உடனே வண்டியை நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

அடுத்த பயணத்திற்குமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து, அதிலுள்ள பிளக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வெண்ணுள்ள பிளக் ஒன்றையும் அதற்குரிய சாவியையும் பையில் வையுங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்று சொன்னால், அந்தக் குறிப்பை அவரிடம் நீட்டுங்கள்.