செயற்கை நுண்ணறிவும் வழக்கறிஞர் கடமையும்

வழக்கறிஞர் ஒருவர் முன்தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டுங்கால், கட்சிகளின் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். அக்குறிப்பைக் கொண்டு எவரும் அத்தீர்ப்பைத் தேடிப் படித்தல் கூடும். நீதிமன்றம் வழக்கறிஞர் மீது வைக்கும் நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

நிகழ்ந்தவை

2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி என்னும் கருவி புனைந்து தந்த ஆறு தீர்ப்புகளை உண்மையானவை எனக் கருதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தனர். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றது. நம் நாடும் இத்தகைய இடருக்கு விலக்கன்று. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு பிறப்பித்த உத்தரவொன்று, இல்லாத முன்தீர்ப்புகள் அதில் இடம்பெற்றமையால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 மார்ச்சில், பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்ற உத்தரவொன்றிலும் இத்தகைய தீர்ப்புகள் காணப்பட்டதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்து, மேல்விசாரணைக்கு வழி செய்தது. அவை எவ்வழியாக வந்தன என்பது ஒருபுறமிருக்க, மூலத்தை ஒருவர் எடுத்துப் பார்த்திருப்பின் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

காரணம்

இத்தகைய கருவி நூலகத்தில் தேடும் எழுத்தரைப் போன்றதன்று. எண்ணற்ற நூற்பகுதிகளிலிருந்து சொற்கள் அமையும் முறையைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல்லை நிகழ்தகவின்படி அது தெரிவு செய்கிறது. தீர்ப்புக் குறிப்புகளின் வடிவம் ஒரே சீரானது. ஆதலின் அவ்வடிவத்தை அது எளிதில் அமைத்துவிடும். அவ்வடிவத்திற்கேற்ற தீர்ப்பு உண்டா என்பதை அது தானாக அறியாது. தேடும் வசதி இணைக்கப்பெற்ற கருவிகளிலும் பிழை நேர்வதுண்டு.

கடமைகள்

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய வழக்கறிஞர் கழகம் வகுத்த நடத்தை விதிகள் பின்வரும் கடமைகளுக்கு அடிப்படையாகும்:

1. நீதிமன்றத்திற்கு: மூலத்தைத் தாமே படித்த பின்னரே தீர்ப்பை எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

2. கட்சிக்காரருக்கு: அவர் கூறிய மறைபொருளைக் காத்தல் வேண்டும். பொதுக்கருவியில் இடப்பெறும் செய்தி அயல் நிறுவனத்தின் கணிப்பொறியைச் சென்றடைகிறது.

3. தமக்கு: கையொப்பமிட்டவரே பொறுப்பாளர், பொறி பொறுப்பேற்காது.

2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறிமுறையும், தீர்ப்பு முடிவுகளுக்கு இக்கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது.

ஆசிரியர்களும் கள அலுவலர்களும்

இப்பாடம் வழக்கறிஞர்க்கு மட்டுமன்று. பொறி கூறும் மருந்தளவைக் கைநூலுடன் ஒப்பிடாது உழவர்க்கு உரைக்கும் அலுவலரும் அதே பிழைக்கு இடந்தருவார். பொறி தரும் நூற்குறிப்பு ஒன்றை மாணவர்க்கு அளித்து, அந்நூலையும் பக்கத்தையும் நூலகத்தில் தேடிக் காட்டுமாறு ஆசிரியர் பணிக்கலாம். தேடிக் கிடைக்காத குறிப்பு, நீண்ட விளக்கத்தினும் நன்கு கற்பிக்கும்.