சோபாவில் நெயில் பாலிஷ் கொட்டிவிட்டால்...



போன பொங்கல் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். புதுசா வாங்கிய துணி சோபாவில் உட்கார்ந்து நெயில் பாலிஷ் போட்டேன். பாட்டில் கவிழ்ந்துவிட்டது. பயத்தில் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். ஒரு ரூபாய் அளவு இருந்த கறை உள்ளங்கை அளவு ஆகிவிட்டது! அத்தைக்குத் தெரியாமல் குஷனைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அத்தையே பார்த்துவிட்டார்கள். திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா போயிருக்குமேடி" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரில் ஏன் போகாது?

நெயில் பாலிஷில் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சில் உள்ள செல்லுலோஸுடன் நைட்ரிக் அமிலம் வினைபுரிவதால் கிடைப்பது. இதை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து நிறம் சேர்க்கிறார்கள். கரைப்பான் ஆவியானதும் படலம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரில் கரையாது. அசிட்டோனில் கரையும். ரிமூவர் பலவற்றில் இருப்பது அசிட்டோன்தான்.

நம்ம ஊர் சோதனை

எங்க அம்மா செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறார்கள். அங்கே கழித்துப் போட்ட கிளேஸ் போட்ட சாசர் ஒன்று, கிளேஸ் போடாத அகல் விளக்கு ஒன்று கொண்டுவந்தேன். இரண்டிலும் இரண்டு சொட்டு பாலிஷ் விட்டுக் காயவைத்து ரிமூவரால் துடைத்தேன். சாசர் பளிச்சென்று ஆனது. அகலில் சிவப்பு நிற்கிறது!

காரணம், கிளேஸ் சூளையில் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகி, கண்ணாடி போல மூடிக்கொள்கிறது. அகலில் நுண்துளைகள் உண்டு. சோபா துணியும் அகல் மாதிரிதான். கறை நூலுக்குள் இறங்கிவிடும்.

செய்முறை

1. தேய்க்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஸ்பூனால் வழித்து எடுங்கள்.
2. வெள்ளைப் பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள்.
3. ரிமூவரை சோபாவின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பாருங்கள். சாயம் போனால் நிறுத்திவிடுங்கள்.
4. சோபாமேல் ஊற்றக்கூடாது, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு கெடும். துணியில் நனைத்து ஒற்றுங்கள். சிவப்பு ஏறிய பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.
5. கடைசியில் சோப்புத் தண்ணீரால் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

எச்சரிக்கை!

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரெக்சின், தோல் சோபாவில் அசிட்டோன் படக்கூடாது. மரக்கைப்பிடியின் வார்னிஷும் கரைந்துவிடும்.

நானும் அத்தையும் இப்படிச் செய்தோம். முக்கால்வாசி போய்விட்டது. நான் மறைத்து வைத்த அந்த மூன்று நாளுக்கு அடையாளமாக லேசான சிவப்பு இன்னும் இருக்கிறது.

தெரிந்து கொள்வோம்: மறைத்த கறை காயும். உடனே சொன்ன கறை போகும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி