பரண் மேல இருக்கும் தகரப் பெட்டி

கொல்லிமலையில செம்மேட்டுப் பக்கமோ சோளக்காட்டுப் பக்கமோ உங்க வீடு இருந்தா, பரண் மேல ஒரு பழைய தகரப் பெட்டி இருக்க வாய்ப்பு உண்டு. தாத்தாவின் கணக்கு நோட்டு, மருந்துச் சுவடி, கடிதங்கள், போட்டோ. மலை ஈரத்தில் அதெல்லாம் ஊறிப்போய், ராமபாணப் பூச்சியும் அரிச்சுக்கிட்டு இருக்கும்.

இதுக்கும் ஓவிய அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம்? சுவரில் மாட்டியிருக்கும் படம் மட்டும் அருங்காட்சியகம் இல்லை. உள்ளறைகளில் கலைஞர்களின் கடிதம், நாட்குறிப்பு, கோட்டோவிய நோட்டு எல்லாம் இருக்கும். யார், எப்போ, ஏன் வரைஞ்சாங்கன்னு சொல்வது அந்தக் காகிதம்தான். வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களை, தியோ 1891-இல் இறந்த பிறகு காப்பாத்தி, 1914-இல் நூலாக்கியவர் தியோவின் மனைவி யோ. இன்று அவற்றில் பெரும்பாலானவை ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கு. ஒரு குடும்பப் பெண் பெட்டியைத் தூக்கிப் போடாததால் கிடைச்சது அது. சாந்திநிகேதனின் ரவீந்திர பவனிலும் தாகூரின் ஓவியங்களோடு கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

நம்ம மாவட்டத்திலேயே பாருங்க. மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகத்தான் பலருக்கும் தெரியும். அவர் நல்ல ஓவியரும்கூட; ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை வரைந்து தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்த வாழ்க்கையை அவரே 'என் கதை'யில் எழுதி வைத்ததால் நமக்கு விவரம் கிடைக்கிறது. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இப்போ அரசு நினைவு இல்லம்.

சரி, உங்க பெட்டிக்கு வருவோம். செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைப் பிறகு பிரிக்கவே முடியாது. காகிதம் இருந்த வரிசையைக் கலைக்காமல், ஒவ்வொண்ணையும் செல்போனில் படம் எடுங்க. போட்டோவின் பின்னால் பேரும் ஊரும் பென்சிலால் மெதுவா எழுதுங்க; பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. சுவடியைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு, அங்கே ஆலோசனை கேட்கலாம்.

எல்லாத்தையும் கொடுத்துடணும்னு இல்லை. பட்டா, குத்தகைச் சீட்டு, வரி ரசீது ஆகியவற்றின் அசலை உங்களிடமே வையுங்க. வன உரிமைச் சட்டம் 2006-இன்படி உரிமை கோரும்போது பட்டா, அரசு ஆவணம், வரைபடம், ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் சான்றாகும்; ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கேட்பாங்க. அதனால தாத்தா நோட்டைக்கூட அலட்சியமா விடாதீங்க.

"எடைக்கு வாங்கிக்கிறேன்"னு யாராச்சும் மலையேறி வந்தா உஷார். 75 ஆண்டுக்கு மேலான, வரலாறு அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படியும் ஆவணமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரம் பண்ணவும் உரிமம் வேணும். வந்தவரிடம் உரிமத்தைக் கேளுங்க.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தா, பொருள்வாரிப் பட்டியலோடு எழுத்துப்பூர்வ ஒப்புகை வாங்குங்க. நகல் உங்களுக்குக் கிடைக்குமா, யார் பார்க்கலாம், வெளியிட யாரைக் கேட்கணும்னு அதிலேயே எழுதிக்கோங்க. ஒண்ணு கவனிங்க: கடிதம் உங்க கையில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான்.