களைமுளையும் கொழுப்பு அமிலமும்
(நடவு வயலில் மூன்றாம் நாளின் முக்கியத்துவம்)

வத்திராயிருப்பைச் சூழ்ந்த நன்செய்கள் மலையிலிருந்து இறங்கும் நீரையும், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளையும், கண்மாய்களையும் நம்பி நெல் விளைவிப்பவை. நடவு முடிந்ததும் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகையால், பிரெட்டிலாகுளோர், பூட்டாகுளோர் முதலிய களைக்கொல்லிகள் வழக்கத்திற்கு வந்துள்ளன. ஒரே மருந்தை இட்ட இரு வயல்களில் ஒன்று சுத்தமாயிருக்க, மற்றொன்றில் புல் மண்டிவிடுவதுண்டு. இதன் காரணத்தை நிலமுடையோர் அறிதல் நலம்.

நொதியின் வேலை

ஒவ்வொரு பயிரும் தன் உயிரணுக்களில் 16 அல்லது 18 கரி அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களை முதலில் உண்டாக்குகிறது. இலையின் மேலுள்ள மெழுகுக்கும், உயிரணுவின் சவ்வுக்கும் இவற்றினும் நீண்ட அமிலங்கள் வேண்டும். எலாங்கேஸ் என்னும் நொதித் தொகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கரி அணுக்களைச் சேர்த்து, சங்கிலியை 20 முதல் 30க்கு மேலும் நீட்டுகிறது. ஒரு சுற்றில் நான்கு படிகள் உண்டு. புதிய துண்டை இணைப்பது முதற்படியின் நொதியே.

மருந்து செய்வது யாது?

மேற்கூறிய களைக்கொல்லிகள் அம்முதல் நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகின்றன. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் போகரும் அவரது குழுவினரும் செய்த ஆராய்ச்சிகள், 2000ஆம் ஆண்டையொட்டி இதைத் தெளிவாக்கின. நீண்ட அமிலம் கிட்டாத களைமுளையில் உயிரணுக்கள் பெருக இயலாது. முளை மண்ணைவிட்டு எழுமுன் அல்லது எழுந்தவுடன் மடியும். வேரூன்றி இலைவிட்ட குதிரைவாலிப் புல்லோ, கிழங்கிலிருந்து எழும் கோரையோ இதனால் சாவதில்லை. ஆதலின் பத்து நாள் கழித்து இடுவது பணத்தைச் சேற்றில் போடுவதாகும்.

நெல் தப்புவது எங்ஙனம் எனில், நட்ட நாற்று ஏற்கெனவே வளர்ந்தது. மேலும் அது குளூட்டாதயோன் என்னும் பொருளைக் கொண்டு மருந்தின் நஞ்சை முறிக்கிறது. இளமுளைக்கு அவ்வளவு வலிமையில்லை. ஆகவே சேற்றில் நேரடியாக விதைத்த வயலுக்கு, ஃபென்குளோரிம் என்னும் காப்புப்பொருள் கலந்த பிரெட்டிலாகுளோரையே வாங்கவேண்டும்.

கையாளும் முறை

1. நட்ட மூன்றாம் நாள், ஏக்கருக்கு 50 சதவீதப் பிரெட்டிலாகுளோர் 600 மில்லிலிட்டரை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து சீராகத் தூவுக. கையுறை இன்றியமையாதது.

2. வயலில் ஓர் அங்குல நீர் நிற்கவேண்டும். மேடு தட்டிய இடத்தில் மருந்து பரவாது. அங்கேயே புல் எழும். நடவிற்கு முன் பரம்படித்துச் சமன் செய்தல் இதற்காகவே.

3. இரண்டு நாள் நீரை வடிக்கவோ, புது நீர் பாய்ச்சவோ கூடாது.

4. நட்ட 30 முதல் 35 நாளுக்குள் ஒரு கைக்களை எடுத்து எஞ்சியவற்றை அகற்றுக.

மூன்றாம் விதியை ஒருவர் தனித்துக் காப்பது கடினம். வயலுக்கு வயல் நீர் பாயும் இடங்களில், மேல்மடைக்காரர் மடை திறந்தால் கீழ்வயலின் மருந்து கழுவப்பட்டுக் கண்மாய் சேரும். அது மீன்களுக்கு நஞ்சு. எனவே மருந்திடும் நாளை முன்னரே நீர்ப்பாய்ச்சிக்கும் அண்டை நிலத்தாருக்கும் அறிவித்து, முறைநீரை இரண்டு நாள் தள்ளிவைக்கக் கிராம அலுவலர்கள் துணைபுரிய வேண்டும். இச்சிறு ஒற்றுமையால் களைச் செலவும் குறையும், கண்மாயும் கெடாது.