யுயையாக்கோ ஏறப் போகும் மகளுக்கு

அம்மாடி,

"பணம் சேர்ந்துவிட்டது பெரியப்பா, எந்த பூட்ஸ் வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். பூட்ஸைப் பற்றி உன் வழிகாட்டி என்னைவிட நன்றாகச் சொல்வார். அந்த மலைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் உச்சியைத் தொடாமல் திரும்பியவன் நான். உனக்குத் தர என்னிடம் இருப்பவை என் பிழைகள்தான். எடுத்துக்கொள்.

1. மலைக்குப் போகும் முன் சால்ட்டா நகரத்தில் ஒரு முழு நாள் தங்கு. அங்கே உயர்மலைத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. யுயையாக்கோ அர்ஜென்டினாவும் சிலியும் சந்திக்கும் எல்லையில் 6,739 மீட்டர் உயரம் நிற்கும் எரிமலை. 1999இல் யோஹான் ரைன்ஹார்ட், கான்ஸ்டன்சா செருத்தி என்ற ஆய்வாளர்களின் குழு, உச்சியை ஒட்டி இன்காக்கள் கட்டிய கல்மேடையைத் தோண்டியது. உள்ளே மூன்று குழந்தைகள். அவர்கள்தான் இப்போது அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். பதின்மூன்று வயதை ஒட்டிய பெண், ஏழு வயதுப் பையன், ஆறு வயதுச் சிறுமி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெய்வத்துக்கென்று கொடுக்கப்பட்டவர்கள். குளிரும் வறட்சியும் அவர்களை அப்படியே வைத்திருந்தன. மூத்தவள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கூந்தல் முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்கள். வாயில் கோக்கா இலைத் துணுக்கு. அந்தக் கூந்தலை ஆராய்ந்தவர்கள் 2013இல் எழுதினார்கள்: இறப்பதற்கு ஓராண்டு முன்பிருந்து அவளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்கிறது. கடைசி வாரங்களில் மது மிகுதியாகத் தரப்பட்டிருக்கிறது. குழந்தைகளுடன் வைத்த பொருட்களில் கடற்சிப்பியில் செதுக்கிய லாமா உருவங்களும் உண்டு. அந்தச் சிப்பி எக்குவடோர் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் விளைவது. யாரோ அதை அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள்.

முதல் பயணத்தில் இதையெல்லாம் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். சரிவில் ஓரிடத்தில் இடுப்பளவு கல்சுவர் தெரிந்தது. இன்காக்கள் ஏறும் வழியில் தங்கிய இடம். அதன் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் ஏன் தரையில் உட்கார்ந்தார் என்பது, ஒரு வாரம் கழித்து அருங்காட்சியகத்தில் அந்தக் குழந்தையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போ, கண்ணு.

2. வழிகாட்டியைக் கட்டணத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதே. எத்தனை பேரை உச்சிக்குக் கூட்டிப்போனீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நீ, "கடைசியாக எப்போது, எதற்காகத் திரும்பி வந்தீர்கள்?" என்று கேள். பதில் தயங்காமல் வந்தால் நல்ல ஆள். அர்ஜென்டினா மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்று, செயற்கைக்கோள் தொலைபேசி, ஆக்சிஜன், இரண்டாவது வண்டி, இந்த நான்கையும் விசாரி. தோலார் கிராந்தே என்ற சிற்றூரைத் தாண்டினால் உப்பும் மணலும் காற்றும்தான். காப்பீட்டுத் தாளையும் படி. எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பல திட்டங்கள் இந்த மலையின் உயரத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

3. நாட்களில் கஞ்சத்தனம் காட்டாதே. அந்த உயர்ந்த மேட்டுநிலத்துக்குப் பூனா என்று பெயர். உயரத்தால் வரும் தலைச்சுற்றலுக்கும் குமட்டலுக்கும் அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயரும் பூனாதான். நிலமும் நோயும் அவர்களுக்கு வேறு வேறில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே படுக்கும் இடத்தை 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் சும்மா இரு. பகலில் உயர ஏறி, இரவில் இறங்கி வந்து தூங்கு. பக்கத்துச் சிறு மலைகளில் ஏறி இறங்கும் நாட்களை வீண் செலவு என்று எண்ணாதே. உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ரத்தம் அதற்குப் பழக வேண்டும், அது நாம் அதட்டி வேலை வாங்கக்கூடிய ஆள் இல்லை.

4. தலைவலியை மறைக்காதே. இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன்.

முதல் பயணத்தில், அடிவார முகாமில், எனக்கு மண்டை பிளந்தது. இரவுச் சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். "எப்படி இருக்கிறது?" என்று வழிகாட்டி கேட்டபோது சிரித்தேன். சொன்னால் இறக்கிவிடுவாரே என்ற பயம். செலவழித்த பணம், ஊரில் சொல்லிவிட்டு வந்த பேச்சு, எல்லாம் வாயைக் கட்டின. மறுநாள் மாலை ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லை. விரல்கள் இருந்தன, முடிச்சு மறந்துபோயிருந்தது. வழிகாட்டி என்னை ஒரு கோட்டின் மேல் நேராக நடக்கச் சொன்னார். தள்ளாடினேன். மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த இரவே, இருட்டில், கைத்தாங்கலாக என்னை வண்டிக்குக் கொண்டுவந்து கீழே இறக்கினார்கள். என்னால் இன்னும் மூன்று பேரின் பயணம் அங்கேயே முடிந்தது. அவர்களில் ஒருவரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இன்றுவரை தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தடுமாறினால், உடனே இறங்குவதுதான் மருந்து. மாத்திரை பற்றிப் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசு. தூக்க மாத்திரையை நீயாகப் போட்டுக்கொள்ளாதே. ஒவ்வொரு காலையும் வழிகாட்டி கேட்கும் முன்பே உன் நிலையைச் சொல்லிவிடு.

5. உன் இளமையை நம்பி வேகமாக நடக்காதே. முகாமுக்கு முதலில் போய்ச் சேர்கிறவருக்கு அங்கே பரிசு ஒன்றும் இல்லை. அந்தச் சரிவில் ஓடை கிடையாது, சுமந்த தண்ணீரும் உருக்கிய பனியும்தான். தாகம் எடுக்கும் முன்பே குடி.

6. புறப்படும் காலையில் வழிகாட்டியும் ஓட்டுநரும் தரையில் சிறு குழி பறிப்பார்கள். நல்ல முழு இலைகளாகப் பொறுக்கி, மூன்று நான்கு கோக்கா இலையை இரண்டு கையாலும் வைப்பார்கள். கொஞ்சம் மது ஊற்றுவார்கள். பச்சமாமா என்ற நிலத்தாய்க்கு முதல் வாய். பிறகுதான் தாங்கள் குடிப்பார்கள். அந்த நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிடு. உன்னையும் அழைத்தால் மண்டியிட்டு வை. கணவாய்களில் வழிப்போக்கர்கள் சேர்த்த கற்குவியல் இருக்கும். வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒரு கல் வைத்தால் நீயும் வை. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்காதே. உடைந்த ஓடு, கம்பளி இழை, மரத்துண்டு எது கண்ணில் பட்டாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யாதே. அந்தக் குழந்தைகளை மலையிலிருந்து எடுத்ததே தவறு என்று சொல்லும் பழங்குடி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. அருங்காட்சியகத்தில் பார்த்து அழுதவனும் நான்தான். இரண்டும் ஒரே மனசுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். உன் குப்பையும் கழிவும் உன்னோடு கீழே வர வேண்டும்.

7. சிலிப் பக்கம் 1970களின் இறுதியில் புதைத்த கண்ணிவெடிகள் இருந்தன. அகற்றி முடித்துவிட்டதாக 2020இல் சிலி அறிவித்தது. ஆனாலும் வழிகாட்டி நடக்கும் தடத்தை விட்டு விலகாதே.

8. திரும்பும் நேரத்தை முந்திய இரவே பேசி முடித்துவிடு. மேலே மூளைக்குக் காற்று குறைவு, அங்கே எடுக்கும் முடிவை நம்ப முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் பிற்பகல் இடியுடன் மேகம் திரளும். அந்த ஆறு வயதுச் சிறுமியின் உடலில், புதைத்த பிறகு மண்ணுக்குள் இறங்கிய மின்னலின் தீப்புண் இருக்கிறது. மண்ணுக்கடியில் இருந்தவளையே தொட்ட மின்னல் அது, அம்மா.

இரண்டாம் பயணத்தில் எனக்குத் தலைவலி இல்லை. கால் திடமாக இருந்தது. உச்சி கண்ணெதிரே தெரிந்தது, இரண்டு மணி நேரம் போதும் என்று தோன்றியது. பேசி வைத்த நேரம் வந்தது. காற்று நிமிர்ந்து நிற்க விடவில்லை. வழிகாட்டி என் முகத்தைப் பார்த்தார். "இறங்கலாம்" என்று நானே முதலில் சொன்னேன். அன்று மாலை முகாமில் அவர் தன் கோப்பையை முதலில் என்னிடம் நீட்டினார். நான் ஒரு சொட்டைத் தரையில் விட்டுவிட்டுக் குடித்தேன்.

நீ உச்சியைத் தொட வேண்டும் என்றுதான் என் ஆசை. தொட்டாலும் தொடாவிட்டாலும் சால்ட்டா திரும்பியதும் மறுபடி அருங்காட்சியகத்துக்குப் போ. மூவரில் ஒருவரைத்தான் ஒரு சமயத்தில் காட்சியில் வைப்பார்கள். அன்று யார் இருந்தாலும், எனக்காகவும் ஒரு நிமிடம் அங்கே நில்.